வெள்ளைப் பெட்டி ரிப்பேர்

மின்சார ஆபீஸ் கவுன்டர்ல உக்காந்து முப்பது வருஷம் திட்டு வாங்கினவன் நான். எங்க ஊரு லா வேகாவுல கரண்டு போனா, அதை என்னமோ நான்தான் மேஜைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கிற மாதிரி ஜனங்க வந்து கத்துவாங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஊர் கரண்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும், என் வீட்டுல இருக்கிற ஒவ்வொரு விளக்கும் விசிறியும் இனிமே நான் சொன்ன பேச்சைக் கேக்கணும்.

"பொண்டாட்டி கேக்கலை, பெத்த பொண்ணு கேக்கலை, பல்பு கேட்டுடுமாக்கும்"னா என் மனைவி ஃபியோர்தலிசா. நான் லிசான்னு கூப்பிடுவேன். அவ என்னை நல்ல நாள்ல கிழவான்னு கூப்பிடுவா, கெட்ட நாள்ல ரதமேஸ்னு முழுப் பேரு வரும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, யூதெல்கா. நியூயார்க்ல இருக்கா. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்புவா. சோப்பு, எண்ணெய், பழைய கோட்டு, லிசாவுக்குச் செருப்புன்னு வரும். நான் எனக்குன்னு எதுவும் கேட்டதில்லை. ரிட்டயர் ஆனதும் கேக்க ஆரம்பிச்சேன். போன்ல இயங்குற பல்பு, பிளக்கு, ஆள் நடமாட்டம் பாக்குற சென்சார், கதவு திறந்தா சொல்ற சென்சார். சோப்புக்கு நடுவுல அதெல்லாம் வந்து இறங்குச்சு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா மாட்டினேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே மாட்டினேன். எங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி எப்ப வரும்னு மாதாவுக்கே தெரியாது. தண்ணி தொட்டியில விழுந்ததும் சென்சார் பாத்து, மோட்டாரைத் தானாப் போட்டு, மொட்டை மாடி டேங்குக்கு ஏத்தி, நிறைஞ்சதும் அதுவே நிறுத்திடும். அந்த ஒண்ணு போதும், என்னைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். யாரு கும்பிட்டா? பக்கத்து வீட்டு தெமெத்ரியோ, மாமரத்தடியில டோமினோ ஆடறப்போ, "யோவ் ரதமேஸ், உன் வீட்டு கக்கூஸுக்கும் போன் நம்பர் இருக்காமே, கூப்பிட்டா காலியா இல்லையான்னு சொல்லுமா?"ன்னு கேட்டான். நாலு பேரு சிரிச்சானுங்க. சிரிச்ச நாலு பேரும் அன்னிக்கு என் வீட்டுக்குத்தான் பக்கெட்டோட வந்தானுங்க.

கோளாறும் இல்லாம இல்லை. கரண்டு போய்ட்டு வந்தா எல்லா பல்பும் பட்டப்பகல்ல தானா பளிச்சுன்னு எரியும். அதை அடக்கறதுக்குள்ள எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. அப்புறம் பேச்சைக் கேட்டு வேலை செய்யற ஒரு டப்பா வந்துச்சு. நாங்க இந்தத் தீவுல ஸ்பானிஷ் பேசறப்போ பாதி எழுத்தை முழுங்கிடுவோம். அந்த டப்பாவுக்கு டிவியில செய்தி வாசிக்கிறவன் மாதிரி முழுசா உச்சரிச்சாத்தான் புரியும். "என் வீட்டு விளக்கைப் போட நான் ஜனாதிபதி மாதிரி பேசணுமா? போய்யா!"ன்னு லிசா அதைத் தூக்கி அலமாரிக்கு மேல வெச்சுட்டா. இன்னிக்கு வரைக்கும் அது அங்கதான் கிடக்கு.

இதுக்கெல்லாம் தலை ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பச்சை விளக்கு எரிஞ்சா எல்லாம் சுகம். அது செத்தா மொத்த வீடும் செத்துச்சு. கரண்டு போனாலும் சாகக் கூடாதுன்னு அதை இன்வெர்ட்டர் லைன்ல போட்டு, முன் அறையில அல்தகிராசியா மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். எதிர் அலமாரியில ஒரு கேமரா. கேமரா யூதெல்கா கேட்டது. "அப்பா, அதையும் மாட்டுங்க. என் போன்ல உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருப்பேன்"னா. இதையெல்லாம் போன்ல நடத்துற ஆப்ல அவளையும் எங்க வீட்டு ஆளுன்னு சேத்தேன். நான், லிசா, யூதெல்கா. மூணு பேரு வரிசையா இருக்கிறதைப் பாத்து எனக்குப் பெருமை தாங்கலை. கேமரா என்ன காட்டுதுன்னு நான் பாத்ததே இல்லை. நான்தான் அந்த அறைக்குள்ளேயே உக்காந்திருக்கேனே, அதுல போய் என்ன பாக்குறது?

எங்களைப் பாத்துக்கிட்டே இருப்பேன்னா. பாத்துக்கிட்டே இருந்தா. அதனாலேயே கூப்பிடறதை நிறுத்திட்டா.

முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா போன் வரும். கேமரா வந்தப்புறம் அது மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் அதுவும் இல்லை. காலையில ஆஸ்பத்திரி சமையல்கட்டு, சாயங்காலம் முதியோர் இல்லம்னு அவளுக்கு ரெண்டு வேலை. இல்லைங்கலை. ஆனா லிசா கூப்பிட்டா, "அம்மா, வேலையில இருக்கேன், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, இப்பத்தான் பாத்தேன், அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சிடுவா. அந்த அப்புறம் வரவே வராது. கொஞ்ச நாள்ல லிசாவும் கூப்பிடறதை விட்டுட்டா. "பெத்தவ நான். வாசல்ல நிக்கிற பிச்சைக்காரி இல்லை"ன்னா. சொல்லிட்டு, யூதெல்காவோட பழைய பள்ளிக்கூட போட்டோவை எடுத்துத் தொடச்சுத் தொடச்சு வெப்பா. பொண்ணு குரல் ஒண்ணு கேட்டாப் போதும்னு அவ கிடந்து தவிச்ச தவிப்பு இருக்கே, அதைப் பக்கத்துல இருந்து பாத்தவன் நான்.

ஜனவரியில ஒரு நாள் மத்தியானம் கரண்டு போச்சு. இங்க கரண்டு போனா வீட்டுப் பொம்பளைங்க முதல்ல செய்யறது, சுத்தி வந்து எல்லா பிளக்கையும் பிடுங்கறது. ஏன்னா போற கரண்டு ஒழுங்காப் போகும், வர்ற கரண்டு வெறி பிடிச்சு வரும். எங்க பழைய ஃபிரிட்ஜ் அப்படித்தான் கருகிச்சு. "இன்வெர்ட்டர்ல இருக்கிறதைத் தொடாதேடி"ன்னு நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். கை கேக்குமா? ஃபிரிட்ஜ், டிவி, விசிறின்னு வந்தவ, அந்த வேகத்துல வெள்ளைப் பெட்டியையும் பிடுங்கிட்டா. "கரண்டு வந்துருச்சு!"ன்னு தெருவே கூச்சல் போட்டு எல்லாத்தையும் திரும்ப மாட்டினப்போ அதை மட்டும் மறந்துட்டா.

கொஞ்ச நேரத்துல போன். யூதெல்கா! வீடியோவுல! "அம்மா, என்னாச்சு? வீடு தொடர்புல இல்லைன்னு எனக்குச் செய்தி வந்துச்சு. கேமரா இருட்டா இருக்கு. நல்லா இருக்கீங்களா? அப்பா எங்க?"

லிசா முகத்தைப் பாக்கணுமே. கையில மாவோட ஓடி வந்து, போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சு, ஊர்க்கதை பூரா பேசினா. நான் பெட்டியை மாட்டி, யூதெல்கா சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா எழுப்பினேன். எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனா பொண்ணு சொல்லி நான் கேக்கறதுல ஒரு சுகம் இருந்துச்சு. "பச்சை வந்துச்சாப்பா?" "வரலைம்மா." "இப்போ?" "ஆரஞ்சுல நிக்குது." அப்படியே மத்தியானம் முழுக்கப் போச்சு.

அடுத்த வாரமும் பெட்டி செத்துச்சு. அதுக்கடுத்த வாரமும். அன்னிக்குக் கரண்டே போகலை.

நான் சும்மா இருப்பேனா? இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன், புது பேட்டரி போட்டேன். ஒயரைச் சந்தேகப்பட்டேன், ஒயரை மாத்தினேன். பல்லி உள்ளே பூந்துருச்சோன்னு பெட்டியைத் திறந்து பாத்தேன். தெமெத்ரியோ வெல்டிங் பண்றதாலதான் இப்படின்னு அவன்கிட்ட சண்டைக்கே போனேன். "உன் வீடு உன்கிட்ட பேசாம கோவிச்சுக்கிட்டா அதுக்கு நானாய்யா பொறுப்பு?"ன்னான். லிசா ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, "பாவம் கிழவன்"னு மட்டும் சொன்னா.

தவக்காலம் வந்துச்சு. லிசா இனிப்பு பீன்ஸ் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தா. தேங்காய்ப் பாலும் சர்க்கரைவள்ளியும் போட்டு, தெரு பூரா கொடுத்தனுப்பற கஞ்சி. நான் டோமினோ ஆடப் போனவன், மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பினேன். ஜன்னல் பலகை இடுக்குல உள்ளே பாத்தேன். லிசா மாதா படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தா. தலையைச் சீவி, உதட்டுக்குச் சாயம் போட்டிருந்தா. மடியில போன். இன்னொரு கையில வெள்ளைப் பெட்டியோட பிளக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு நாள் பல்லியைத் திட்டினேன், தெமெத்ரியோவைத் திட்டினேன், ஏணி மேல ஏறி இடுப்பை ஒடிச்சுக்கிட்டேன், இந்தப் பாதகத்தி கீழே நின்னு ஏணியைப் பிடிச்சிருக்கா! கதவைத் தட்டப் போனேன். அதுக்குள்ள போன் அடிச்சுது. "அம்மா, மறுபடியும் வீடு போயிடுச்சா?"ன்னு யூதெல்கா குரல். லிசா, "ஐயோ, ஆமாடி கண்ணு, உங்கப்பாவோட ரிப்பேர் லட்சணம் தெரியாதா? அதை விடு, இங்க பாரு, கஞ்சி காய்ச்சியிருக்கேன்"னு பானையையே தூக்கிக் காட்டினா. குரல்ல அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கோவம் அப்படியே வடிஞ்சு போச்சு. தெருக் கோடி வரைக்கும் நடந்து போய்ட்டு, இருமிக்கிட்டே சத்தமா வந்தேன்.

"வந்துட்டாரு மெக்கானிக்கு"ன்னா லிசா. பிளக்கு அதோட இடத்துல இருந்துச்சு, ஒரு நூல் அளவு வெளியே.

"என்னம்மா யூதெல்கா, இந்தச் சனியன் மறுபடியும் செத்துச்சா? இரு, ஏணி எடுத்துட்டு வரேன்"னு நானும் ஆரம்பிச்சேன்.

அப்புறம் என்ன, வீட்டுல ரெண்டு நடிகர்கள். அவ பிடுங்குவா, நான் ரிப்பேர் பண்ணுவேன். எவ்வளவு மெதுவாப் பண்ண முடியுமோ அவ்வளவு மெதுவா. ஒழுங்கா எரியற விளக்கை ஆரஞ்சுன்னு சொல்வேன். ஒயரைக் கழட்டி மறுபடியும் அதையே மாட்டுவேன். என் வாழ்க்கையில இவ்வளவு மோசமா நான் எந்த வேலையும் செஞ்சதில்லை, இவ்வளவு மனசு நிறைஞ்சும் செஞ்சதில்லை.

ஏப்ரல் கடைசியில, மாமரத்தடியில காய் கலைச்சுக்கிட்டு இருந்தப்போ எனக்கு மட்டும் தனியா போன் வந்துச்சு. வீடியோ இல்லை.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லைம்மா, வீட்டுல இருக்கா. என்ன விஷயம்?"

"நல்லதாப் போச்சு. அப்பா, என்னை அந்த வீட்டுலேர்ந்து எடுத்துடுங்க."

"என்னம்மா சொல்றே?"

"ஆப்லேர்ந்துதான். எனக்கு அந்தச் செய்தி வர வேண்டாம். அது வந்தா நான் வேலையை விட்டுட்டு ஓடி வந்து போன் பண்ண வேண்டியிருக்கு. சூப்பர்வைசர் ரெண்டு தடவை கூப்பிட்டுத் திட்டிட்டாரு."

டோமினோ ஆளுங்களை விட்டு எழுந்து தள்ளிப் போனேன். "இனிமே கெடாதும்மா. கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன்"னேன்.

 அப்ப நான் உண்மையைச் சொல்லிட்டேன். "யூதெல்கா, அது கோளாறே இல்லை. உங்கம்மாதான் பிளக்கைப் பிடுங்குறா. உன் குரலைக் கேக்கறதுக்குத்தாம்மா. வேற எதுவும் இல்லை." சொன்னா அழுவா, உடனே அம்மாவைக் கூப்பிடுவான்னு நினைச்சேன். நான் ஒரு மடையன்.

"தெரியும்பா."

"தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியாமப் போகும்? கேமரா இருட்டாகறதுக்கு முன்னாடி கடைசியாத் தெரியறது அம்மா கைதானே. ஒவ்வொரு தடவையும். முதல்ல ரெண்டு மூணு தடவை எனக்கே அழுகை வந்துச்சு. இப்ப எரிச்சல்தான் வருதுப்பா. என்னை மிரட்டிக் கூப்பிட வெக்கற மாதிரி இருக்கு. நானும் மனுஷிதானே?"

"அப்போ நீயே விலகிக்கோயேன்"னேன். கோவத்துல சொன்னேன்.

"நானே விலகினா, யூதெல்கா வீட்டை விட்டுப் போயிட்டான்னு அம்மா போனுக்குச் செய்தி வரும். நீங்க எடுத்தா வராது. பாத்துட்டேன்."

அதையும் பாத்து வெச்சிருக்கா! யோசிச்சுத்தான் போன் பண்ணியிருக்கா என் பொண்ணு. ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறந்தேன், "பஸ் வந்துருச்சுப்பா"ன்னு வெச்சுட்டா. மரத்தடியிலேயே நின்னு ஆப்பைத் திறந்தேன். அவ பேரைத் தொட்டேன். இவரை வீட்டிலிருந்து நீக்கவான்னு கேட்டுச்சு. எத்தனையோ பல்பைச் சேத்திருக்கேன், நீக்கியிருக்கேன், அப்பவும் இதே கேள்விதான் கேக்கும். ஆமான்னு அழுத்தினேன். வரிசையில நாங்க ரெண்டு பேரு மட்டும் நின்னோம். தெமெத்ரியோ, "உன் ஆட்டம்யா, வா"ன்னு கத்தினான். போய் உக்காந்து தப்புக் காயைப் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு லிசா தலை சீவி உக்காந்தா. நான் பின்கட்டுல மோட்டாரைத் துடைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன். போன் வரலை. உதட்டுச் சாயத்தைப் புறங்கையில துடைச்சுட்டு எழுந்து போனா. மறுநாளும் அதேதான். மூணாவது நாள் அவளாலே முடியலை.

"யோவ் கிழவா, அந்தப் பெட்டி செத்துக் கிடக்கே. இன்னும் யூதெல்காவுக்குச் செய்தி போகலையா?"

சொல்லியிருக்கலாம். அவ சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம், எரிச்சல் வருதுன்னு சொன்னதையும் சேத்து. லிசா அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தா, கையில சீப்பு. 

"போகாது. நான்தான் அவளை ஆப்லேர்ந்து எடுத்துட்டேன்"னேன். "சும்மா சும்மா கெடுது, சும்மா சும்மா அவளுக்கு அலாரம் அடிக்குது. எனக்கே வெறுத்துப் போச்சு. அதான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"ஆமா."

"பெத்த பொண்ணை வீட்டுலேர்ந்து எடுத்துட்டியா, ரதமேஸ்?"

"ஆப்லேர்ந்துதான்..."

"உன் கையில கரையான் பிடிக்க!" சீப்பு பறந்து வந்து என் காதுல பட்டுச்சு. "உனக்குப் பெட்டி முக்கியம், ஒயர் முக்கியம். எனக்கு அவ ஒருத்திதானேய்யா இருக்கா! அவ முகத்தைப் பாக்கறது உனக்கு என்ன பண்ணுச்சு? உன்னைக் கட்டிக்கிட்டு இந்தப் பொட்டி வீட்டுல இருட்டுல கிடந்து சாகறதுக்கா நான் அவளைப் பெத்தேன்?" அழுதுக்கிட்டே திட்டினா. திட்டிக்கிட்டே அழுதா. முப்பது வருஷம் கவுன்டர்ல வாங்கின திட்டு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. மறுபடி சேத்துடறேன்னு என்னால சொல்லவும் முடியலை. அன்னிலேர்ந்து என்கூடப் பேச்சை நிறுத்திட்டா. சோறு வெப்பா. காபி அவளுக்கு மட்டும்தான் போட்டுக்குவா.

மே மாசக் கடைசி ஞாயிறு அன்னையர் தினம். தெரு பூரா வெளிநாட்டுலேர்ந்து பசங்க வந்து இறங்கியிருந்தாங்க, வீட்டுக்கு வீடு பாட்டு. லிசா பச்சைத் துவரை போட்ட சோறும் கோழியும் சமைச்சுட்டு, போனைப் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு இருந்தா. மத்தியானம் அடிச்சுது. யூதெல்காதான். எனக்குக் கேக்கணும், நான் வெக்கப்படணும்னே லிசா ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜை நடுவுல வெச்சா.

வாழ்த்து, உடம்பு, சாப்பாடு எல்லாம் ஆச்சு. அப்புறம் லிசா ஆரம்பிச்சா. "உங்கப்பா பண்ணின காரியம் தெரியுமாடி? உன்னை வீட்டுலேர்ந்து எடுத்துட்டாரு! அதனாலதானே நீ கூப்பிடலை? செய்தி வந்திருந்தா கூப்பிட்டிருப்பே, இல்லையா?"

நான் சமையல்கட்டு வாசல்ல ஸ்குரூ டிரைவரோட நின்னேன். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்: சொல்லிடும்மா. நான்தாம்மா கேட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்காக வேண்டாம், உனக்காகச் சொல்லு.



"ஆமாம்மா"ன்னா யூதெல்கா. "எனக்கே அப்புறமாத்தான் தெரியும். அப்பா ஏன் அப்படிப் பண்ணினாரோ. விடும்மா, வயசாகுதுல்ல அவருக்கு."

"பாத்தியாய்யா, என் பொண்ணு மனசை"ன்னு லிசா என்னைப் பாத்துச் சொன்னா. ஒரு மாசம் கழிச்சு என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான். நான் தலையை ஆட்டினேன். வேற என்ன செய்ய?

யூதெல்கா அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சா. கொஞ்ச நேரத்துல கரண்டு போச்சு, தெருப் பாட்டெல்லாம் ஒண்ணா நின்னுச்சு. லிசா எழுந்து ஃபிரிட்ஜைப் பிடுங்கினா, டிவியைப் பிடுங்கினா, விசிறியைப் பிடுங்கினா. மாதா படத்துக்குக் கீழே வந்து ஒரு நிமிஷம் நின்னா. வெள்ளைப் பெட்டியைத் தொடாம உள்ளே போயிட்டா. அது பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பவும் எரியுது, அப்புறம் அதுல ஒரு கோளாறும் வரலை.